அடுப்போடு நான் போட்ட சண்டை

கொள்கை பிடித்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு யாரும் சம்பந்தம் பேசப் போகக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் பெரும்பாலோரின் கடைசி ஊர்வலத்தில் நான் நடந்து போய்விட்டு வந்திருக்கிறேன். இன்றைக்கும் காலையில் அடுப்பில் வைத்த எதையும் தொடுவதில்லை. தேங்காய்ச் சில்லும் வாழைப்பழமும் ஊறவைத்த பயறும்தான். பற்களில் பாதி சொந்தப் பற்கள். ஆகவே நான் பிடித்த கொள்கை தப்பு என்று யாரும் என்னிடம் நிரூபிக்க வர வேண்டாம். நான் செய்தது தப்பு. அது வேறு விஷயம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம் அது. இலைநோய் வந்து அத்தனையும் பட்டுப்போனதும், இப்போது தேயிலை வந்ததும் பிறகு. கண்டியில் வெள்ளைக்காரர் ஒருவரின் கோப்பிக் கிடங்கில் நான் எழுத்தர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவன். (நன்றாகப் படித்தவன் என்பதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.) அப்பா காலமாகிவிட்டதால் வீட்டில் அம்மா, நான், தங்கை செல்லம்மா. இருபத்து மூன்று வயதில் குடும்பத் தலைவன் ஆனவனுக்கு அறிவு இல்லாவிட்டாலும் அபிப்பிராயம் இருக்கும். எனக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் இருந்தது.

அப்போது எனக்கு ஓயாத நெஞ்செரிவு. காரமும் புளியும் ஆட்டிறைச்சியும் கருவாடும், போதாததற்குக் கிடங்கில் நாள் முழுக்கக் கோப்பியும். இந்த நிலையில் ஒரு நாள் கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருந்தேன். மரம் இழுக்கும் யானை ஒன்று குளித்துவிட்டு வந்து கித்துள் பனை ஓலையைத் தின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் பாகன் மூன்று கல்லைக் கூட்டி, புகையில் இருமி இருமிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தான். பாகன் ஒட்டிப்போய்க் கிடந்தான். யானை யானையாக இருந்தது.

அவ்வளவுதான். எனக்கு உண்மை விளங்கிவிட்டது. பச்சையாகத் தின்கிறவன் மரம் இழுக்கிறான், பொங்கித் தின்கிறவன் இருமுகிறான். மனிதனைக் கெடுத்தது நெருப்பு. படகு வந்தது, போனது. நான் ஏறவில்லை. அங்கேயே நின்று என் கொள்கையை உருவாக்கி முடித்துவிட்டு அடுத்த படகில் போனேன்.

முதலில் இறைச்சியை விட்டேன். அடுத்து மீன், முட்டை, கருவாடு. பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். பிறகு சோற்றை விட்டேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

தொடக்கக்காரன் செய்கிற தப்பு ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. அரிசியை ஊறவைத்து மென்றேன். கத்தரிக்காயைக் கடித்தேன். பச்சைப் பலாக்கொட்டையைத் தின்றுவிட்டு ஒரு பகல் முழுக்கக் கிடங்கில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தேன். என் வயிற்றுக்குள்ளிருந்து கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் ஓடுவது போல ஒரு சத்தம். கொட்டை பொறுக்குகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்கிருந்து வருகிறது என்று சுற்றிப் பார்த்தார்கள். கோப்பி வறுப்பதும் நெருப்பில்தானே? அதனால் வறுக்காத கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அதன் ருசியை நான் வர்ணிக்கப் போவதில்லை. சாக்கை நனைத்துப் பிழிந்து குடித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத் தெரியும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"யானை மாதிரி திங்கிறது சரி மாப்ளே. மரம் எப்ப இழுக்கப் போற?"

நான் பதில் சொல்லவில்லை. பெரியவர்களோடு தர்க்கம் செய்யக் கூடாது என்பதால் அல்ல. வாயில் முழுப் பச்சை வெண்டைக்காய் இருந்தது.

இதில் ஒருவருடைய கஷ்டத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. கிடங்குக்குப் பின் தெருவில்தான் எங்கள் வீடு. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருவது செல்லம்மா. புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து கோப்பி மூட்டை வண்டிகளோடு வருகிறவன் முத்தையா. அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகன். அவன் வண்டி வருகிற நாளில் மட்டும் என் சோற்றில் ஒரு பொரியல் கூடுதலாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. சமைத்த சாப்பாட்டை நான் நிறுத்தியதும், சோற்றுப் பாத்திரத்தோடு கிடங்குப் பக்கம் வர அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் கொள்கையால் முதலில் பட்டினி கிடந்தவள் அவள்தான்.

ஆனால் முத்தையா கெட்டிக்காரன். வீட்டில் சொல்லி முறைப்படி பெண் கேட்டு அனுப்பிவிட்டான். அவர்கள் வந்து பார்த்தார்கள், பிடித்திருந்தது, எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் இதில் ஒரு முறை உண்டு. பார்க்கப் போன வீடு பிடித்திருந்தால் அங்கே கை நனைக்க வேண்டும். அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிடிக்காவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிச் சாப்பிடாமல் கிளம்பிவிட வேண்டும். வாயைத் திறந்து வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. சாப்பிடாத இலைதான் பதில். அப்பா இல்லாத வீட்டில் அந்த இலையில் உட்கார வேண்டியவன் நான்.

புறப்படுகிற அன்று காலையில் செல்லம்மா வண்டியடிக்கு வந்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

"கேளு."

"அங்க போயி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்திருங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"சாப்பிடாம வருவேனா? என்ன புள்ள நீ."

நான் பொய் சொல்லவில்லை. சாப்பிடுவதாகத்தான் சொன்னேன். என்ன சாப்பிடுவேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை ஒரு சாமர்த்தியமாக அன்றைக்கு நினைத்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

மாட்டு வண்டியில் பேராதனை தாண்டி, கம்பளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் மலையேறினோம். அம்மா, மாமா, நான். கோப்பி பூத்திருந்த நேரம். இரண்டு பக்கமும் மலை வெள்ளை வெளேரென்று கிடந்தது. மல்லிகைத் தோட்டத்துக்குள் வண்டி போவது போல வாசனை. எனக்கு அது தெரியவில்லை. மாமா மடியில் வைத்துப் பிரித்த புளிச்சோற்றின் வாசனைதான் தெரிந்தது. நான் கொண்டுவந்த வாழைப்பழங்கள் கம்பளையிலேயே தீர்ந்துவிட்டிருந்தன. மாமா ஒவ்வொரு கவளத்தையும் உருட்டி என் மூக்குக்கு நேரே ஒரு நிமிஷம் பிடித்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோனார்.

கங்காணியாரின் வீடு கோப்பி காயப்போடும் களத்தை ஒட்டி, கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. நல்ல வீடு. கங்காணியார் பெரிய தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாக வாசலுக்கே வந்தார். "வாங்க தம்பி, வாங்க. மலை ஏறி வந்த களைப்பு இருக்கும்" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவருடைய மனைவி மீனாட்சியம்மா அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்று சிரித்தார். முதல் நாளிலிருந்தே சமையல் நடந்திருக்க வேண்டும். ஆட்டுக்கறி, நெத்திலி வறுவல், பருப்பு, பாயசம் என்று வீடே மணத்தது. முத்தையா வேட்டியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு கதவோரம் நின்றான்.

அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது. மாமாவுக்கு அந்த வாசனையே போதுமாக இருந்தது. இலை போட்டார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பழகிய நல்ல தமிழில் சொன்னேன்:

"மன்னிக்க வேண்டும். நெருப்பில் வைத்தது எதையும் நான் உண்பதில்லை. பச்சையாக ஏதாவது இருந்தால் கொடுங்கள்."

கங்காணியாரின் கை தலைப்பாகைக்குப் போய் அங்கேயே நின்றது.

நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது. ஒருவர் வீட்டுக்குப் போய், சமைத்தது வேண்டாம், பச்சையாகக் கொடு என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இரண்டே வகை. ஒன்று, பிச்சை கேட்டு வாசலில் வந்து நிற்கிற பண்டாரம். மற்றது, உன் கை பட்ட சோறு என் சாதிக்கு ஆகாது, அரிசியாகக் கொடுத்தால் நானே பொங்கிக்கொள்கிறேன் என்கிற மேலிடத்து ஆள். என்னைப் பார்த்தால் பண்டாரமாகத் தெரியவில்லை. கண்டியில் எழுத்தர், மிஷன் பள்ளிப் படிப்பு, காலில் சப்பாத்து வேறு. அவர்களோ தோட்டத்துக்காரர்கள்.

"பச்சையாவா?" என்றார் கங்காணியார்.

"ஆமாம்."

"எங்க வீட்டு அடுப்புல என்ன கொறை கண்டீங்க?"

"உங்கள் அடுப்பு என்று இல்லை. எல்லா அடுப்பும் தப்புதான்."

மாமா குறுக்கே விழுந்தார். "அவனுக்கு வயிறு சரியில்ல, சம்பந்தி. வைத்தியர் சொல்லியிருக்காரு."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் என் கொள்கையை ஒரு வயிற்றுக்கோளாறு என்று சொன்னால் எனக்குப் பொறுக்குமா? "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றேன். பிறகு யானையைப் பற்றிச் சொன்னேன். பாகனைப் பற்றிச் சொன்னேன். இருமலைப் பற்றிச் சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் அதையும் தாண்டிச் சொன்னேன்.

கங்காணியார் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இந்தா புள்ள, சொளகு எடுத்து ஐயாவுக்குப் படி போடு. தோட்டத்து அடுப்பு பட்டணத்து வாய்க்கு ஆகாதாம்."

இதுவரை 'தம்பி' என்றவர் 'ஐயா' என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த வயதில் நான் எவ்வளவு மூடன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

முத்தையா மட்டும் மெதுவாகப் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், உங்க தங்கச்சியும் இப்படித்தான் நெனைக்குதா?"

"அவளுக்கு இந்தக் கொள்கை இல்லை."

"நான் கொள்கைய கேக்கல."

அவன் எதைக் கேட்டான் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மீனாட்சியம்மா சொளகோடு, அதாவது முறத்தோடு, வந்துவிட்டார். இப்போது சிரிக்கவில்லை. ஒரு படி அரிசி, உடைத்த தேங்காய், இரண்டு கத்தரிக்காய், பச்சை மிளகாய், இளஞ்சிவப்பாய் நறுக்கிய ஒரு கிழங்குத் துண்டு. பண்டாரத்துக்குக் கொடுப்பது போல வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். பண்டாரமாக இருந்தால் அதைத் துணியில் கட்டிக்கொண்டு போவான். மேலிடத்து ஆள் என்றாலும் கட்டிக்கொண்டு போவான். நான் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கடைசியில் என்னைப் புரிந்துகொண்ட ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பசி வேறு.

எல்லோரும் பார்க்கும்படி, பச்சை உணவின் பெருமையை நிரூபிக்கும்படி, சொளகில் இருந்த அந்தக் கிழங்குத் துண்டை எடுத்து ஒரு பெரிய கடி கடித்தேன். ராசவள்ளிக் கிழங்கு என்று நினைத்துத்தான் கடித்தேன்.

அது கருணைக்கிழங்கு.

குழம்பில் மட்டுமே அதைப் பார்த்திருந்தவனுக்குப் பச்சையில் அடையாளம் தெரியாததில் ஆச்சரியமில்லை. புளி விட்டு நன்றாக வேகவைத்தாலே சில சமயம் நாக்கில் காறும். நானோ மென்று விழுங்கியிருந்தேன். முதலில் நாக்கு நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு அந்த எறும்பு தன் இனத்தையே கூப்பிட்டது. உதடு, அண்ணம், தொண்டை எல்லாம் ஆயிரம் ஊசி. நாக்கு வாய்க்குள் அடங்காமல் வளர்ந்தது. தொண்டையைச் சொறிய வேண்டும், கை போகவில்லை. நான் எழுந்து வாசலுக்கு ஓடி, காயப்போட்டிருந்த கோப்பிக்கு நடுவே களத்தைச் சுற்றினேன். தண்ணீர்த் தொட்டியில் தலையை விட்டேன். கோப்பியைத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் துழாவுகட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"ஐயோ, கருணையக் கடிச்சிட்டாரே" என்று மீனாட்சியம்மா போட்ட சத்தம் கேட்டது. அடுத்து அவருடைய கை என் பின்கழுத்தைப் பிடித்தது. தோட்டத்தில் முப்பது வருஷம் கூடை சுமந்த கை. "வாயத் தொறங்க. தொறங்கன்னா தொறக்கணும்." புளி ரசம், ஆறியும் ஆறாததுமாக, சட்டியோடு என் வாய்க்குள் இறங்கியது. பாதி மூக்கில் ஏறியது, கால்வாசி சட்டையில் போனது. மிச்சம் தொண்டையில் இறங்கியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காறலினால் மட்டும் அல்ல. பல வாரங்களுக்குப் பிறகு மிளகும் சீரகமும் நாக்கைத் தொட்டிருந்தன. சட்டியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை.

சட்டி காலியானதும் நிமிர்ந்தேன். கங்காணியார் என் முன்னால் நின்றார். இன்னும் சிரிக்கவில்லை.

"தம்பி, இப்பக் குடிச்சது எங்க வீட்டு அடுப்புல வெச்சது. தெரியுமில்ல?"

மனதில் உடனே ஒரு பதில் தயாராகிவிட்டது. இது மருந்து, மருந்து உணவு ஆகாது, ஆகவே என் விரதம் கெடவில்லை என்று மூன்று காரணங்களோடு. அதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே செல்லம்மாவின் வாழ்வு முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு அசையவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் பேச வரவில்லை. வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினேன்.

அவர் குனிந்து என் வீங்கிய உதட்டைப் பார்த்தார்.

"யானை யானைன்னாரு. தும்பிக்கை மட்டுந்தான் கொறைச்சல்னு நெனைச்சேன். இந்தா, அதுவும் மொளச்சிருச்சு."

முதலில் சிரித்தது மாமா. பிறகு முத்தையா. கடைசியில்தான் கங்காணியார், தலைப்பாகை அவிழ்ந்து விழுகிற அளவுக்குச் சிரித்தார். "கை நனைக்க வந்தவரு மண்டையையே நனைச்சிட்டாரு. இதுக்கு மேல என்னங்க சம்மதம் வேணும்? வெத்தலத் தட்ட எடு புள்ள" என்றார். அம்மா அழுதுகொண்டே தட்டை வாங்கினாள். நான் வாசலில் குந்தி, ரசத்தில் கரைத்த சோற்றைக் குழந்தைபோல உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை கேட்டு வாங்கினேன் என்று மாமா சொல்வார். நான் இரண்டு என்றுதான் சொல்வேன்.

கண்டிக்குத் திரும்பியபோது செல்லம்மா வாசலில் நின்றாள். என் உதட்டு வீக்கம் அப்போதும் வடியவில்லை.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

தலையை ஆட்டினேன். மாமா முழுக் கதையையும் நடித்தே காட்டினார். தெருவே சிரித்தது. செல்லம்மா சிரிக்கவில்லை. "நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கல்யாணத்து அன்றுவரை என்னிடம் அதிகம் பேசவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. யானையின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று மட்டும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். முத்தையா கேட்டது விளங்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. எங்கள் சோறு உங்களுக்குக் கேவலமா என்று அவன் கேட்டிருக்கிறான். நான் காய்கறியைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன். வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான். கிழங்குக்கு அல்ல.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு நான் எத்தனை தடவை போனாலும், இலையில் முதலில் ஒரு துண்டு பச்சைக் கருணைக்கிழங்கு வரும். பின்னால்தான் ரசம் வரும். மீனாட்சியம்மாவிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு அந்தக் கெழங்க ஏன் வெச்சீங்க? தெரிஞ்சுதானே?"

"நீங்க ஏன் கடிச்சீங்க?" என்றார் அவர். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விளக்கம்.

அவர் போன வருஷம் காலமானார். செய்தி கிடைத்ததும் ரயிலும் வண்டியுமாகப் போய்ச் சேர்ந்தேன். கோப்பிக் களம் இருந்த இடத்தில் இப்போது தேயிலைத் தளிர். எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு எல்லோரும் குளித்து வந்து உட்கார்ந்தோம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வர நேரமாகும் என்றார்கள். அந்த அடுப்படியை நான் எட்டிப் பார்த்தேன். சாம்பல் வழித்துத் துடைத்துக் கிடந்தது. அந்த அடுப்பு எரியாமல் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

செல்லம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. கையில் வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்து என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணே. இன்னைக்கு எங்க வீட்டுல உங்க கொள்கைதான்."

சொல்லிவிட்டு அந்த அழுகைக்கு நடுவிலேயே அவள் சிரித்தாள். நாற்பத்தேழு வருஷம் கழித்து, அந்தக் கதைக்கு முதல் தடவையாக.

யானையின் பக்கம்தான் நியாயம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு பக்கத்து வீட்டுச் சோறு வந்ததும், முதல் ஆளாக இலையில் போய் உட்கார்ந்தேன்.